முழங்கை

எங்கள் கதிர்வீச்சுப் பிரிவில் நான் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். கரண்ட் வைக்கும் இயந்திரம் நோயாளிமேல் இடிக்குமா என்று முன்கூட்டியே சொல்லும் ஸ்கிரிப்டை எழுதியவன். அதில் எனக்குக் கர்வம் கொஞ்சமல்ல.

இயந்திரத்தின் சுழலும் பகுதியான கேன்ட்ரி, ஐசோசென்டர் என்ற புள்ளியைச் சுற்றும். அந்தப் புள்ளிக்கும் கேன்ட்ரித் தலைக்கும் நடுவே சுமார் 40 சென்டிமீட்டர்தான். அதற்குள் உடம்பு, கட்டில், கைப்பலகை எல்லாம் அடங்கவேண்டும். சிடி படத்தில் உள்ள உடலின் வெளிக்கோட்டை வைத்து ஸ்கிரிப்ட் கணக்குப் போடும். இடித்தால் சிவப்பு. இல்லையென்றால் பச்சை.

எங்கள் சிடியில் படம் விழும் வட்டம் 50 சென்டிமீட்டர். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் படுப்பார்கள். முழங்கை வட்டத்தைத் தாண்டிவிடும். படத்தில் இல்லாதது கணக்கிலும் இல்லை. இது எனக்குத் தெரியும். என் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தேன். அப்படியிருந்தும் பிரிவுக் கூட்டத்தில், பச்சை வந்தால் டிரை ரன் வேண்டாம் என்றேன். அறைக்குள் நின்று கேன்ட்ரியைச் சுழற்றிப் பார்ப்பது நேரத்துக்குக் கேடு என்றேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் நான் எரிந்து விழுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு அம்மாவுக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய். ஐசோசென்டர் இடப்பக்கம் தள்ளியிருந்ததால் வலது முழங்கை அந்தப் புள்ளியிலிருந்து இன்னும் தள்ளி நின்றது. பச்சை வந்தது. கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அறைக்கு வெளியிலிருந்து திருப்பிய கேன்ட்ரி அவர் முழங்கையில் முட்டியது. பட்டவுடன் நிற்கும் அமைப்பு இருந்ததால் எலும்பு தப்பியது. தோல் கன்றி வீங்கியது. மறுபடி சிடி, மறுபடி பிளான், அதுவரை சிகிச்சை இல்லை. தறியை நிறுத்திவிட்டு வந்தவர் அவர். பிறகு கேன்ட்ரி அசைந்தாலே கையை இழுத்துக்கொண்டார்.

இதுவரை சொன்னது கவனக்குறைவு. விசாரணையில் நான் செய்தது கோழைத்தனம்.

"சார், பச்சைதானே வந்துச்சு? டிரை ரன் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் கேன்ட்ரியைத் திருப்பிய டெக்னாலஜிஸ்ட் தம்பி.

"கேமராவுல பாத்துக்கிட்டே திருப்பியிருக்கணும்ப்பா" என்றேன்.

கூட்டத்தில் நான் பேசியது எங்கும் பதிவாகவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அப்படிச் சொன்னேன். மெமோ அவருக்குப் போனது. அவருடைய சம்பள உயர்வு நின்றது. என்னுடையது வந்தது.

மெமோவை ரத்து செய்யக் கேட்டு, கையேட்டின் கடைசிப் பக்கத்தை இணைத்து, இப்போதுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் இயந்திரக் கோளாறு என்று சொன்னதும் நான்தான். அடுத்த செக்கப்புக்கு வரும்போது உண்மையைச் சொல்லவேண்டும். சொல்வாயா என்று கேட்டால், இந்த நிமிடம்கூடத் தயங்குகிறேன்.