கிரவுண்டு சிறுத்தால்

சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கால்பந்துக் கிளப் இருந்தது. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகச் சென்னையில் தொடங்கியது. 2016-17இல் ஐ-லீக் போட்டிக்குள் வந்தது. பேரில்தான் சென்னை. சொந்த மைதானமாக வைத்து ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை. சென்னையில் இருக்கும் நேரு ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 40,000 பேர் உட்காரலாம். கோவையில் ஏறத்தாழ 30,000. 2020 மார்ச் 11ஆம் தேதி மாலத்தீவின் மாசியா அணியோடு ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டம் வந்தது. அது இந்தக் கிளப்புக்குச் 'சொந்த ஊர்' ஆட்டம். நடந்தது அகமதாபாத்தில், சுமார் 20,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தில். அடுத்த பருவத்தில் கொரோனாவால் ஐ-லீக் முழுக்க வங்காளத்திலேயே நடந்து முடிஞ்சுது. 2021-22 பட்டியலில் அந்தப் பேரே இல்லை.

நாப்பது, முப்பது, இருபது, அப்புறம் ஒண்ணுமில்லை.

மைதானம் சிறுத்ததால்தான் கிளப் செத்தது என்று சொல்ல வரவில்லை. பணம் போடுகிறவர்களுக்கு ஆயிரம் கணக்கு. 2015, 2018 என்று இரண்டு முறை ஐ.எஸ்.எல். கோப்பை ஜெயிச்ச சென்னையின் எஃப்.சி.யே 2025 ஆகஸ்டில் கிளப் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறோம் என்று அறிவித்தது. பெரியவங்களுக்கே அந்தக் கதி. நான் கேட்க நினைப்பது வேறு. ஒரு கிளப் நொடிச்சுப் போகும்போது, 'இவ்வளவு பெரிய இடம் நமக்கெதுக்கு' என்று யாராவது ஒருத்தர் சொல்வார். காலியாகக் கிடக்கிற அந்த இடம் யாருடையது?

நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன். எங்கப்பன் வெல்ல மண்டியில் சிப்பம் தூக்கினார். ஒரு சிப்பம் முப்பது கிலோ. மண்டிக்கும் லீ பஜாருக்கும் இடையே முதுகு வளைஞ்சே அவர் காலம் போச்சு. ஏலம் இல்லாத நாளில் முற்றம் சும்மா கெடக்கும். அதுதான் எங்களுக்கு கிரவுண்டு. தரையெல்லாம் வெல்லப் பிசுக்கு. பந்து உருண்டு வந்தால் எறும்போடுதான் வரும். செருப்பில்லாத காலில் பாகு ஒட்டி, அதில் மண் ஒட்டி, வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்தித் தண்ணி ஊத்தும். கொலுசுப் பட்டறையில் பத்த வைக்கிற பசங்க, மூட்டை தூக்குகிறவர் மகன்கள், தெரு கூட்டுகிறவர் மகன்கள், இவங்கதான் எங்க டீம். சேலம் மார்க்கெட் ஸ்டேஷன் பக்கம் கூட்ஸ் வண்டி நிக்கிற சத்தம்தான் எங்களுக்கு விசில்.

கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒரு பள்ளிக்கூடத்து கிரவுண்டுக்குப் போனோம். அங்கேதான் எங்களில் பாதிப்பேர் படித்தோம். சாயங்காலம் ஆறு மணிவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பதினோரு பேர் பதினோரு பேராக நிஜ ஆட்டம் ஆடினது அங்கேதான். பல வருசம் அப்படியே ஓடிச்சு.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவைக்கு ஆறு பேர் ரயிலேறினோம். சென்னை சிட்டி அன்றைக்கு ஜெயித்தால் சாம்பியன். இல்லாவிட்டால் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிரும். ஆட்டம் தொடங்கி மூணாவது நிமிசத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுருச்சு. அப்புறம் பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயிச்சுது. ஆனாலும் புள்ளி 43க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

கோலைவிட எனக்கு ஞாபகம் இருப்பது கேலரிதான். சிமெண்டுப் படிக்கட்டு. எனக்கு இந்தப் பக்கம் யாரோ ஒரு மில் தொழிலாளி, அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கவுண்டர் வீட்டு ஆள் போல இருந்தார். பேச்சிலேயே தெரியும், கொங்கு நாட்டில் அது தெரியாமல் இருக்காது. கடைசி கோல் விழுந்தபோது அந்தப் பெரியவர் என் தோளைப் பிடிச்சுக் குலுக்கினார். 'பாத்தீங்களா தம்பி, பாத்தீங்களா' என்றார். 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. ஆட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. உள்ளே கேட்கவில்லை. எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஒரு தொண்ணூறு நிமிசம் வேற எங்க கிடைச்சுது என்று யோசித்தால், கோயிலில் இல்லை, கல்யாண மண்டபத்தில் இல்லை, ஆடித் திருவிழா வண்டி வேடிக்கையிலும் இல்லை.

பொது இடம் என்பது தானாக வந்ததில்லை. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்துதான் பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லாவற்றிலும் நமக்குப் பாத்தியதை உண்டு என்று அரசாங்கம் எழுதியது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) அதை இன்னும் விரிவாகச் சொல்கிறது. கடை, ஓட்டல், பொதுக் கேளிக்கை இடங்கள், அரசுப் பணத்தில் நடக்கிற கிணறு, குளம், சாலை, சனங்க கூடும் இடங்கள், எதிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக்கூடாது. விளையாட்டிலும் இதே கதைதான். பூனாவில் பல்வாங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் மைதானத்துக்குள் எல்லோருக்கும் வேண்டியவர். தேநீர் நேரம் வந்தால் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் தனியாகக் குடிக்கணும். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்த மனுசன் அவர்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் காம்பவுண்டு சுவர் எழுப்பி கேட்டில் போர்டு மாட்டிட்டாங்க. 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை.' அங்கே ஐந்தாவது படித்தவனும் வெளியாள், பத்தாவது படித்தவனும் வெளியாள். யாரும் சாதி கேட்கவில்லை, நியாயமாகச் சொல்லணும். ஆனால் வெளியாள் என்று நின்றவர்கள் எல்லாரும் ஒரே தெருக்காரங்க. இருபத்திரண்டு பேராக இருந்த எங்கள் கிளப் ஒன்பது பேராகச் சுருங்கிப்போச்சு. ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் ஓசூர், இரண்டு பேர் டெலிவரி வேலை.

இந்த நேரத்தில்தான் டர்ஃப் பேச்சு வந்தது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். செயற்கைப் புல், சுத்தி வலை, மேலே வலை, ராத்திரிக்கு விளக்கு. அஞ்சஞ்சு பேர் ஆடலாம். மணிக்கு ஆயிரம் ரூபாய். பத்து பேர் பிரிச்சா ஆளுக்கு நூறு. ராத்திரி பத்து மணிக்கு மேலே போனால் குறைச்சுத் தர்றாங்க.

'அண்ணே, ஒம்போது பேரை வெச்சிக்கிட்டு எதுக்குண்ணே பெரிய கிரவுண்டு? டர்ஃபுல மழை பேஞ்சாலும் ஆடலாம், கால் கிழியாது' என்றான் பட்டறைப் பையன் ஒருத்தன். அவன் சொன்னதில் தப்பில்லை. சின்ன இடத்தில் ஆட்டம் வேகம். பந்தும் அடிக்கடி காலுக்கு வரும். கால் பழகுவதற்கு நல்லதுதான்.

கிளப்பில் மூத்த அண்ணன் ஒருத்தர், மண்டியில் இன்னும் மூட்டை தூக்குகிறவர், அதுவரைக்கும் பீடி பிடிச்சிக்கிட்டுப் பேசாமல் இருந்தார். 'ஏண்டா, ஒம்போது பேருக்குத்தான் கிரவுண்டுன்னா பத்தாவது பையன் எங்கடா நின்னு வேடிக்கை பாப்பான்?' என்றார்.

எங்க யாருக்கும் கோச் கிடையாது. ஓரத்தில் நின்றோம். வெளியே போற பந்தை ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தோம். ஒருநாள் ஆள் குறைஞ்சுது, 'வாடா நீ' என்று கூப்பிட்டாங்க. அப்படித்தான் எல்லோரும் உள்ளே வந்தோம். டர்ஃபில் ஓரமே கிடையாது. வலைக்கு அந்தப் பக்கம் பார்க்கிங். பந்து வெளியே போகாது, அதனால் எடுத்துக் கொடுக்கிற பையனும் வேண்டாம். சாதி கேட்கக்கூடாது என்று சட்டம் இருக்கு. மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்குத் தடையில்லை. இரண்டு பொண்ணுங்க எங்க தெருவில் ஆட ஆரம்பிச்சிருந்தாங்க. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் ஆன செய்தி அதுங்களுக்கு மனப்பாடம். குறைஞ்ச வாடகைக்கு ராத்திரி பத்து மணிக்கு அதுங்க எப்படி வரும்?

இங்கிலாந்தில் கவென்ட்ரி சிட்டி என்று ஒரு கிளப். 2013இல் வாடகைத் தகராறில் 32,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை விட்டுவிட்டு, வேறு ஊரான நார்த்தாம்டனில் எட்டாயிரத்துக்கும் குறைவான இருக்கை உள்ள மைதானத்துக்குப் போனது. ரசிகர்களில் பலர் டிக்கெட் வாங்க மறுத்து, மைதானத்துக்கு வெளியே இருந்த ஒரு மேட்டில் நின்று ஆட்டம் பார்த்தாங்க. அடுத்த வருசம் கிளப் பழைய இடத்துக்கே திரும்பியது. அவங்க கோபத்தில் வெளியே நின்றாங்க. உள்ளே போகிற உரிமை இருந்ததால் வெளியே நிற்பது போராட்டம் ஆச்சு. நாம சுவருக்கு வெளியே நிற்பதை யாரும் போராட்டம் என்று எழுத மாட்டாங்க.

சின்ன மைதானமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. லண்டனில் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்களே சேர்ந்து ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கிளப் தொடங்கினாங்க. 2020இல் பழைய பேட்டையிலேயே, சுமார் 9,000 பேர் உட்காரும் மைதானத்துக்குத் திரும்பி வந்தாங்க. சிறுசுதான். ஆனால் கிளப் அவங்களுடையது. சாவி அவங்க கையில். டர்ஃபின் சாவி எங்க கையில் இருக்காது. ஆயிரம் ரூபாய் நோட்டமாக வந்தால் திறக்கும், வராவிட்டால் மூடும்.

வடசென்னை வியாசர்பாடியைப் பாருங்க. உழைக்கிற சனங்க நெருக்கியடிச்சு வாழ்கிற இடம். அங்கே வளர்ந்த தனபால் கணேஷ் 2018இல் கோப்பை ஜெயிச்ச சென்னையின் அணியில் ஆடினார். அந்தப் பேட்டையில் பசங்க காசு கட்டாமல் நிற்க ஒரு கிரவுண்டு இருந்தது. அதற்கு மேலே பெரிய ரகசியம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் முடிவு இப்படி ஆனது. மழை நாளில், கையில் காசு இருந்தால், மாசம் ஒருமுறை டர்ஃப். கிளப்பின் இடம் டர்ஃப் இல்லை. ஞாயித்துக்கிழமை விடியக்காலை மண்டி முற்றத்திலேயே ஆடுவது, ஏலத்துக்கு வண்டி வந்தால் ஒதுங்கிக்கொள்வது. பட்டறைப் பையனுக்கு இன்னும் முழு மனசில்லை. 'மறுபடி எறும்புகூட ஆடணுமாண்ணே' என்கிறான்.

கிரவுண்டு கேட்டு மனு எழுதினோம். நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர் என்று போட்டோம். மூத்த அண்ணன் சொன்னபடி, சுத்திலும் நாலடி கூடுதலாகக் கேட்டோம். மனுவை வாங்கியவர் படிச்சுப் பார்த்துவிட்டு, 'இந்த நாலடி எதுக்குங்க?' என்று கேட்டார்.

'வேடிக்கை பாக்கறதுக்குங்க' என்றார் அண்ணன். 'அப்படியே எழுதிக்கிங்க.'