பருவத்துப் பீரும் தோட்டத்துக் கள்ளும்

மதுவைப் பற்றி எழுதப் புகுவோர் நம்மில் இரு சாரார். ஒரு சாரார் அதை ஒழிக்க எழுதுவோர். மற்றொரு சாரார் அதை விற்க எழுதுவோர். நிதானமாகச் சுவைத்து, இது யாரால், யாருக்காகச் செய்யப்பட்டது என்று விசாரித்து எழுதுவோர் மிகச் சிலர். தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு இவ்விஷயத்தில் யாதொரு பட்டமும் இல்லை. ஆயினும் பெல்ஜியம் தேசத்துப் பண்ணைப் பீர் ஒன்றைச் சில மாதங்களாக அருந்திப் பார்த்து வருகிறேன். அருந்துந்தோறும் தோட்டத்துக் கள்ளுக்கடையே நினைவுக்கு வருகிறது. நான் குடிக்கு வக்கீல் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் கோபிக்கலாகாது.

அப்பீருக்குச் 'சேஸோன்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் பருவம் என்பது அதன் பொருள். பெல்ஜியத்தின் தென்பகுதியில் எனோ மாகாணத்துப் பண்ணைகளே அதன் பிறப்பிடம். கோடையில் காய்ச்சிய பீர் எளிதிற் கெட்டுவிடும்; ஆதலால் வயல் வேலை குறைந்த குளிர்காலத்தில் குடியானவர் தம் தானியத்தைக் கொண்டே காய்ச்சி வைத்து, அடுத்த கோடையில் வேலைக்கு வரும் பருவக் கூலியாட்களுக்குத் தாகம் தீர்க்கக் கொடுத்தனர் என்பர். இக்கதை பிற்காலத்தார் சற்று மெருகேற்றியது என ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர்.

தூர்ப் என்னும் சிற்றூரில் 1844-இல் தொடங்கிய பண்ணைச் சாலை ஒன்றை 1920-இல் டுப்போன் குடும்பத்தார் வாங்கினர். கனடாவுக்குக் குடியேறத் துடித்த மகனை ஊரிலேயே நிறுத்தி வைக்கத் தகப்பனார் வாங்கிக் கொடுத்ததாம். (கப்பலேறிய நம் முன்னோருக்கு அப்படி வாங்கிக் கொடுக்க எந்தத் தகப்பனிடம் என்ன இருந்தது?) இன்று சேஸோனுக்கு இலக்கணமாக உலகத்தார் கொள்வது அச்சாலையின் பீரையே. பெல்ஜியர் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். 1911-இல் சுமத்திராவில் எண்ணெய்ப்பனையை வியாபாரப் பயிராக நட்ட அட்ரியன் அலே அத்தேசத்தவரே. இன்று நான் கணக்கெழுதிப் பிழைப்பதும் அப்பனையின் குலைகளைத்தான்.

ஜொகூர் பாருவிலுள்ள நண்பர் ஒருவர்தாம் முதற் போத்தலைக் கொணர்ந்தார். விலையைச் சொல்ல நாணுகிறேன். ஐஸ்கட்டி போட்டுப் பீர் குடிக்கும் நம் வழக்கத்தை இதற்கு விலக்க வேண்டும். மிகக் குளிர்ந்தால் மணம் செத்துவிடும். சாய்த்த குவளையில் மெல்ல வார்த்தால் மங்கிய பொன்னிறமும், அதன்மேல் அடர்ந்த வெண்ணுரையும் எழுகின்றன. முகர்ந்தால் மிளகு, எலுமிச்சைத் தோல், காய்ந்த வைக்கோல் ஆகியவற்றின் வாசனை. மிளகை யாரும் இட்டதில்லை. அது ஈஸ்ட் தந்த மணம். மற்றப் பீர்களுக்கு ஆகாத வெப்பத்தில், 30 பாகை செல்சியஸுக்கு மேலுங்கூட, இந்த ஈஸ்ட் சளைக்காமல் உழைத்துச் சர்க்கரையை ஏறக்குறைய முழுதும் தின்றுவிடுகிறது. ஆகவே வாயில் நுரை குத்தி, சிறிது கசந்து, முடிவில் நா வறண்டு நிற்கிறது. இனிப்பு எஞ்சுவதில்லை. நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பீரை நான் கண்டதில்லை. ஆனால் சாராயச் சத்து நூற்றுக்கு 6.5 பங்கு, தண்ணீர்போல் பருகுவது தகாது.

நண்பர் ஒரு வாய் பருகிவிட்டு, "அண்ணே, இது பீரா, கள்ளா?" என்றார். சிரித்தேன், ஆயினும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

கள்ளும் உழைப்பாளியின் பானமே. அதுவும் ஈஸ்டின் கைவேலையே. தென்னம்பாளையைச் சீவ வடியும் இனிய நீரில் ஈஸ்ட் தானே குடியேறுகிறது. சில மணி நேரத்தில் நூற்றுக்கு 4 பங்கு வரை சாராயம் உண்டாகிறது. மேலும் வைத்தால் காடியாகிவிடும். சேஸோனைக் காய்ச்சுகிறார்கள், காக்கும் குணமுள்ள ஹாப்ஸ் பூவைச் சேர்க்கிறார்கள், அதனால் அது மாதக்கணக்கில் காத்திருக்கும். கள் காத்திராது. காத்திராத சரக்கை அன்றே விற்றாக வேண்டும். அதற்கு யாரேனும் அன்றே குடித்தாக வேண்டும்.

யார் குடிப்பது? அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. பெல்ஜியக் குடியானவன் கதை உண்மையாயின், பீர் கூலிக்கு மேல் கொடுக்கப்பட்டது. அவனும் அதையே குடித்தான். மலாயாத் தோட்டத்தில் கள் கூலியிலிருந்து வாங்கப்பட்டது. சர்க்கார் அனுமதியுடன் தோட்டத்துக்குள்ளேயே கடை இருந்தது. காலையில் கொடுத்த காசு மாலையில் திரும்பியது. துரை அதைக் குடிக்கவில்லை. தாம் குடிக்காத பானத்தின் சுவையைப் பற்றி விற்பவருக்கு என்ன கவலை?

இதைத் தொழிலாளரே அறிந்திருந்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலியுயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதே கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. இரண்டும் ஒரே பட்டியலில் இருந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியல் செய்து அடியும் சிறையும் ஏற்றனர்.

என் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளன்று பாட்டியார் கைக்குழந்தையுடன் கள்ளுக்கடை வாசலில் காத்து நிற்பாராம். மிச்சம் கிடைத்தால் மளிகைக்கடைக்கு, இல்லையேல் லயத்துக்கு. "கள் எப்படி இருக்கும் என்று தாத்தா சொன்னதுண்டா?" என்று ஒருமுறை கேட்டேன். "அதையெல்லாம் யாரய்யா பேசினது? மடக்குனு குடிச்சிட்டு வருவாரு" என்றார்.

அக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன. தமிழரும் தோட்டத்தைவிட்டுப் பட்டணம் சேர்ந்தனர். இடத்தைப் பிடித்தது சம்சு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த போலி மதுவால் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். 2016-இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மானிட மரபுச் செல்வமாக ஏற்றது. தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள்ளுக்குத் தடை. போத்தற் சரக்கை அரசாங்கமே விற்கிறது.

சென்ற மாதம் மேற்குக் கரையோரத் தென்னந்தோப்பு ஒன்றில், பாளை சீவும் முதியவர் ஒருவரிடம் காலைக் கள்ளை வாங்கி, சேஸோனுக்கென வைத்திருந்த கண்ணாடிக் குவளையிலேயே வார்த்தேன். அரிசி கழுவிய நீரின் நிறம். இளநீர் வழுக்கையின் வாசனை. பின்னால் இலேசான மாவுப் புளிப்பு. நாவில் முதலில் இனிப்பு, உடனே ஊசிபோல் ஒரு குத்து. நண்பகலில் மீண்டும் பார்த்தேன். இனிப்பு குறைந்து புளிப்பு மேலோங்கியிருந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது. முதியவர் குவளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்பது வருஷமாக மரம் ஏறுகிறாராம். தம் கள்ளின் நிறத்தைக் கண்ணாடியில் பார்ப்பது அதுவே முதல் தடவை என்றார்.