விரல்முனையை மூடுகிறவர்கள்

திருப்பூரில் பல்லடம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் சந்துக்குச் சந்து பவர் டேபிள் சத்தம்தான். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் தையல் மெஷின்கள் ஓடும் அந்தச் சத்தத்துக்கு நடுவே சாக்ஸ் யூனிட்டைத் தனியாகக் காட்டிக்கொடுப்பது காற்றை உறிஞ்சும் இரைச்சல். ஒரு சாக்ஸ் பின்னி முடிந்ததும் மெஷினுக்கு அடியில் இருக்கும் குழாய் அதைக் காற்றோடு இழுத்துக் கூடையில் தள்ளுகிறது. விழுந்த சாக்ஸ் இன்னும் சாக்ஸ் ஆகியிருக்காது. விரல் பக்கம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். அதை யார் மூடுகிறார்கள், எப்படி மூடுகிறார்கள் என்று பார்க்கத்தான் நான் போனேன்.

எனக்கு நீரிழிவு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வலது பெருவிரல் ஓரத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. கால் பரிசோதனையில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஓர் இழையை வைத்து அழுத்துவார்களே, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை, அது என் பெருவிரலில் பட்டதே எனக்குத் தெரியவில்லை. இடது குதிகாலிலோ நேர்மாறு: காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி ஏறுவதுபோலக் குத்தும். வேகநடை அவசியம் என்று டாக்டர் சொன்னார். ஷூவைப் பற்றி விரிவாகச் சொன்னார். சாக்ஸுக்கு வந்தபோது, 'காட்டனா பாத்து வாங்குங்க' என்பதோடு முடிந்துவிட்டது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அத்தனை பேருக்கும் நடக்கச் சொல்லித்தான் அறிவுரை. அவர்கள் தோலோடு ஒட்டிக் கிடக்கப்போகும் துணியைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறோமே என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

யூனிட்டை நடத்துபவர் முன்பு நிட்டிங் மாஸ்டராக இருந்தவர். ஓடாமல் நின்ற ஒரு மெஷினின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுக்கு ஓர் எஃகு உருளை. அதைச் சுற்றிச் செங்குத்தாக வெட்டிய பள்ளங்களில் ஊசிகள். ஒவ்வோர் ஊசியின் தலையிலும் ஒரு கொக்கி, கொக்கியைத் திறந்து மூட ஒரு குட்டித் தாழ்.

"இது 144 ஊசிங்க. பக்கத்துல இருக்கறது 168. ஆபீஸ் சாக்ஸ் மெலிசா வேணும்னா ஊசி கூட வேணும். ஸ்போர்ட்ஸ் சாக்ஸுக்கு ஊசி கம்மியானாத்தான் டெர்ரி எடுப்பா நிக்கும்."

டெர்ரி என்றால் சாக்ஸின் உள்பக்கம் குளியல் துண்டுபோல நிற்கும் கண்ணிகள். இரண்டு நூல்கள் ஒரே சமயத்தில் ஊசிக்குப் போகின்றன. ஒன்று நைலானும் எலாஸ்டிக்கும் சேர்ந்த அடிநூல். அதுதான் இறுக்கிப் பிடிக்கிறது. இன்னொன்றை உலோகத் தகடுகள் சற்று உயரத்தில் இழுத்து நிறுத்த, அது உள்பக்கம் வளையமாகத் தொங்குகிறது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் மெத்தை தருவது இந்த வளையங்கள்தாம். பாதத்தின் அடியில் மட்டும் டெர்ரி வைப்பது ஹாஃப் டெர்ரி, சுற்றிலும் வைப்பது ஃபுல் டெர்ரி. கால்வலிக்காரர்கள் தடிமனாக இருந்தால் நல்லது என்று ஃபுல் டெர்ரிக்குப் போவார்கள். ஆனால் அந்தத் தடிமன் ஷூவுக்குள் இடம் கேட்கும். மேல்பாதத்திலும் விரல்களின் மேலும் ஷூ இறுகினால், அடியில் கிடைத்த மெத்தை மேலே அழுத்தமாகத் திரும்பிவிடும். காலாணி உள்ளவர்களுக்கும் பெருவிரல் எலும்பு புடைத்தவர்களுக்கும் ஹாஃப் டெர்ரிதான் ஏற்றது என்பது அங்கே கையில் இரண்டையும் வைத்துப் பார்த்தபோது எனக்கு உறுதியானது. ஃபுல் டெர்ரி வேண்டுமென்றால் அதைப் போட்டுக்கொண்டே போய் ஷூ வாங்கவேண்டும்.

மெஷின் மேல்பட்டியில் ஆரம்பித்துக் கீழே இறங்குகிறது. உருளை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். குதிகால் வந்ததும் சுற்றுவதை விட்டுவிட்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்குகிறது. பாதி ஊசிகள் மட்டும் வேலை செய்கின்றன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் ஊசி ஒதுங்குகிறது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. அப்படித்தான் குதிகாலுக்கு ஒரு பை உருவாகிறது. அதில் வரிசைகளைக் குறைத்தால் நேரமும் நூலும் மிச்சம். பை ஆழமில்லாமல் போகும். நடக்க நடக்கச் சாக்ஸ் ஷூவுக்குள் வழுகி இறங்கி உள்ளங்காலில் மடிந்து கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பைதான். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இழுத்துவிடும் எல்லோருக்கும் இதைச் சொல்லவேண்டும்.

1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய முதல் பின்னல் இயந்திரமே காலுறைக்காகத்தான் பிறந்தது. பனியனும் டி-ஷர்ட்டும் ஆளும் ஊரில் ஓரமாகக் கிடக்கும் இந்தத் தொழில், அந்தப் பரம்பரையில் மூத்தது.

கூடையில் விழுந்த சாக்ஸ்கள் கட்டுக்கட்டாக அடுத்த அறைக்குப் போகின்றன. அங்கே டியூப் லைட் தாழ இறக்கிக் கட்டியிருக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் படுக்கைவாக்கில் ஒரு வட்டத் தட்டு, அதன் விளிம்பில் நெருக்கமாக முட்கள், தட்டு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதற்குப் பெயர் லிங்கிங். நான் உட்கார்ந்து பார்த்த அக்காவுக்கு என்னைவிட வயது குறைவுதான். ஆனாலும் அந்த அறையில் எல்லோருக்கும் அவர் அக்கா. கைமடியாக, அதாவது உதவியாளாக வந்து, செக்கிங்கில் இருந்து, பிறகு லிங்கிங் பழகியவர்.

சாக்ஸின் வாய் ஓரத்தில் வேறு நிறத்தில் சில வரிசைகள் பின்னியிருக்கும். கழிவு நூல். அந்த நிறம் முடிந்து சாக்ஸின் நிறம் தொடங்கும் இடத்தில், ஒரே ஒரு வரிசை. அந்த வரிசையின் கண்ணிகளை முட்களில் ஏற்றவேண்டும். 144 ஊசி சாக்ஸ் என்றால் மேல்பாதியில் 72 கண்ணி, கீழ்ப்பாதியில் 72. மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றும் ஒரே முள்ளில் உட்காரவேண்டும். அக்கா இரு கட்டைவிரல் நகங்களாலும் துணியை விரித்துப் பிடிக்கிறார், கண்ணியின் வாய் திறக்கிறது, முள் உள்ளே போகிறது, அதற்குள் நகம் அடுத்த கண்ணியில். நகர்ந்து போகும் தட்டின் அந்தப் பக்கத்தில் ஓர் ஊசி இரண்டையும் சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. கடைசியில் கழிவு நூலை ஒரு இழு இழுத்தால் அது அவிழ்ந்து வந்துவிடும். இணைப்பு இருந்த இடத்தை விரலால் தடவினேன். மேடே இல்லை.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஒரு லூப் விட்டாலும் ரெண்டு தொவைப்புல ஓட்டையாயிருங்கக்கா."

"கண்ணு வலிக்காதாம்மா?"

"கலர் நூலுன்னா பரவால்லீங்க. கறுப்பு வந்துட்டா, அதும் ராத்திரி ஷிப்டுன்னா, ரொம்பச் செரமங்க. லூப் எங்க, ஓட்டை எங்கன்னே தெரியாது."

"கறுப்புக்கு ரேட் கூடக் குடுப்பாங்களா?"

"டஜன் கணக்குதானுங்க. எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு."

கறுப்புக்குக் கூடுதல் கூலி கொடுக்கத்தான் வேண்டும். அந்த அக்கா சனிக்கிழமை வாங்கும் வாரச் சம்பளம் அவர் கண்ணின் வேகத்தைப் பொறுத்தது. கறுப்புக் கட்டு வந்த வாரம் அது குறைகிறது. கறுப்புச் சாக்ஸைக் கேட்பது நாம், குறைவது அவருக்கு.

எல்லா சாக்ஸுக்கும் இந்த வேலை நடப்பதில்லை. அறையின் மறுபக்கத்தில் இன்னொரு விதமான மெஷின். திறந்த வாயைத் தட்டையாகப் பிடித்துக்கொடுத்தால் ஓரத்தை வெட்டி, நெருக்கமாகத் தைத்துத் தள்ளிவிடுகிறது. ரோஸ்ஸோ என்கிறார்கள். கையால் ஏற்றுவதைவிடப் பலமடங்கு வேகம், மெல்லிய வரப்பு ஒன்று மிஞ்சும். மலிவுச் சாக்ஸில் ஓவர்லாக் அடித்தே முடித்துவிடுவார்கள். அந்தத் தையல் உள்பக்கம் கயிறுபோலத் தடித்து நிற்கும். அதிலும் மோசம் இரண்டு மூலைகள். தையல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் நூல் திரண்டு முடிச்சாகிவிடும். ஒரு மூலை பெருவிரல் மேல், மற்றது சுண்டுவிரல் மேல்.

அந்த முடிச்சு எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு வேலூரில் பதில் இருக்கிறது. 1946இல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதங்களைப் பல ஆண்டுகள் கவனித்தார். பாதத்தில் புண் விழ ஒரு பெரிய காயம் தேவையில்லை, சிறிய அழுத்தம் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் போதும் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. வலி தெரிகிறவர் தன்னை அறியாமல் நடையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வார். வலி தெரியாதவர் மாற்றமாட்டார். நீரிழிவில் உணர்ச்சி போன பாதத்துக்கும் இதே கதிதான். வேகநடையில் நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்தாலும் அரைமணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 1500 முறை தரையில் விழுகிறது. 1500 முறை அந்த முடிச்சு அதே விரலில் அழுத்துகிறது. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் வழிகாட்டுதலே தையல் இல்லாத சாக்ஸ் போடச் சொல்கிறது. இல்லாவிட்டால் தையல் வெளியே வரும்படி உள்பக்கத்தைத் திருப்பிப் போடச் சொல்கிறது. பார்க்க அழகாக இராது, ஷூவுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்.

ஓனரிடம் கேட்டேன், எல்லாவற்றையும் லிங்கிங் செய்தால் என்ன?

"டஜனுக்கு ரேட் ஏறுதுங்களே. வாங்கறவங்க கவரையும் டிசைனையும் பாத்துத்தான் ரேட் பேசறாங்க. உள்ள திருப்பிப் பாக்கறவங்க ரொம்பக் கம்மிங்க."

டிசைன் என்றதும் ஒரு சாக்ஸைத் திருப்பிக் காட்டினார். வெளியே பளிச்சென்று ஒரு கோடும் எழுத்தும். உள்ளே அந்த இடத்தில் வேறு நிற நூல்கள் குறுக்கே ஓடி, வெட்டிவிட்ட நுனிகள் மீசைபோல நீட்டிக்கொண்டிருந்தன. விரல் நகம் மாட்டும், தோலை உராயும். கணுக்காலுக்கு மேலே இருந்தால் தொந்தரவில்லை. பாதத்துக்குள் எந்த டிசைனும் இல்லாத சாக்ஸே நமக்கு வேண்டியது.

மூடிய சாக்ஸ்கள் போர்டிங்குக்குப் போகின்றன. பாதத்தின் வடிவில் வெட்டிய தட்டையான உலோக அச்சுகளில் மாட்டி நீராவி கொடுக்கிறார்கள். சுருங்கிக் கோணலாகக் கிடந்தது சுருக்கமில்லாமல், அளவாக, விறைப்பாக வெளியே வருகிறது. கடையில் கவருக்குள் நாம் பார்ப்பது இந்த அழகைத்தான். முதல் துவைப்பில் சாக்ஸ் தன் சொந்த வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதனால் ஒரே ரகத்தில் அரை டஜன் வாங்குவதற்கு முன் ஒரு ஜோடி வாங்கி, துவைத்து, நடந்து பார்ப்பதுதான் சரி. 'ஃப்ரீ சைஸ்' என்ற பெயரில் வருவதையும் நான் நம்புவதில்லை. சிறிய பாதத்தில் அது விரலடியில் மடியும், பெரிய பாதத்தில் விரல்களை இழுத்து நெருக்கும்.

நூலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பருத்தியால் வாழும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓனர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. முழுக்கப் பருத்தியில் பின்னினால் சாக்ஸ் பிடிப்பில்லாமல் தொளதொளத்துவிடும், அதனால் நைலானும் எலாஸ்டிக்கும் சேர்ந்தே ஆகவேண்டும். அதோடு, "வேர்க்க வேர்க்க நடக்கறவங்களுக்குக் காட்டன் கூடுதலா இருந்தா ஈரம் புடிச்சு வெச்சுக்குங்க" என்றார். அது உண்மை. பருத்தி வியர்வையைக் குடித்து நனைந்தே கிடக்கும். நனைந்த தோல் மிருதுவாகி உராய்வு கூடும், கொப்புளம் வரும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். பாலியெஸ்டர், நைலான் கூடுதலாகக் கலந்த ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் ஈரத்தை வெளிப்பக்கம் கடத்தி சீக்கிரம் காயும். மெதுவாக நடந்துவிட்டு வந்து உடனே கழற்றுகிறவருக்குப் பருத்திக் கலப்பு போதும். நம் ஊர் வெயிலில் வேகநடை போகிறவருக்கு, 'காட்டனா பாத்து வாங்குங்க' என்ற அறிவுரை பாதிதான் பொருந்தும்.

மேல்பட்டி விஷயம் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. கழற்றிய பிறகு காலில் ஆழமான வரி விழுந்து நெடுநேரம் மறையவில்லை என்றால் அது இறுக்கம். கால் வீங்குகிறவர்களுக்கும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் அது ஆகாது. முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸை டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தானாக வாங்கிப் போடக் கூடாது.

கிளம்பும் முன் அக்காவின் கட்டிலிருந்து எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். வெள்ளை, லிங்கிங், ஹாஃப் டெர்ரி, பாதத்தில் டிசைன் இல்லாதது. வெள்ளை என்றால் புண்ணிலிருந்து கசியும் துளி ரத்தமும் நீரும் உடனே கண்ணில் படும், கறுப்பில் படாது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்குத் தன் காயத்தைச் சொல்ல வேறு வழி இல்லை. வெள்ளை என்றால் லிங்கிங் செய்கிறவர் கண்ணுக்கும் எளிது, கண்ணி விடுபடாது.

இனி சாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கவரைப் பிரிக்கச் சொல்லி, உள்ளே கையை விட்டு, விரல்முனையின் இரண்டு மூலைகளையும் தடவிப் பாருங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கவரில் விலையும் அளவும் போடுகிறவர்கள், விரல்முனை லிங்கிங்கா ஓவர்லாக்கா என்பதையும் அச்சிடவேண்டும் என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால்தான் அந்த வட்டத் தட்டுகளுக்கு ஆர்டர் வரும். வாங்கியதைத் தினமும் மாற்றுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்து நிழலில் காயப்போடுங்கள், சூட்டில் எலாஸ்டிக் செத்துவிடும். குதிகாலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, டெர்ரி தேய்ந்து மறுபக்கம் தெரிந்தால் எறிந்துவிடுங்கள். ஓட்டையைத் தைத்துப் போடாதீர்கள். நாம் போடும் அந்தத் தையலும் ஒரு முடிச்சுதான்.