எண்களில் பிறந்த எழுத்து

பௌர்ணமி நாளில் நம் திருவண்ணாமலை வீதிகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். நம்மவர் வீடுகள் பலவற்றிலோ அடுக்களையில் உருது, கடைவீதியில் தமிழ். இவ்வாறு பல மொழிகளோடு பழகிய நாம், இந்தியாவில் ஒரேயொரு தீவின் தாய்மொழியாக விளங்கும் மஹலைப் பற்றி அறிந்துகொள்வது நன்று.

கொச்சியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலில் பவளப்பாறை வளையமாக அமைந்தது மினிக்காய். தீவினர் இதனை ‘மலிக்கு’ என்பர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 10,447. ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள். லட்சத்தீவின் ஏனைய தீவுகளில் மலையாளத்தின் கிளையான ஜெசரி வழங்க, இங்கு மட்டும் மஹல் ஒலிக்கிறது. இது மாலத்தீவின் திவேஹி மொழியே, சிங்களத்திற்கு உறவுடையது. காரணம் எளிது. அடுத்த இந்தியத் தீவான கல்பேனி சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; மாலத்தீவின் வட எல்லையோ சுமார் 125 கிலோமீட்டர்தான்.

நம் கடற்கரை ஊர்ச் சமையலில் மணக்கும் மாசிக் கருவாடு இத்தீவினரின் கைத்தொழில். தூண்டிலில் பிடித்த சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்துவர். மஹலில் மீனுக்கு ‘மஸ்’ என்று பெயர். அச்சொல்லே நம் நாவில் ‘மாசி’ ஆயிற்று போலும்!

இம்மொழியின் ‘தானா’ எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரையிலான அரபு எண்களிலிருந்தும், அடுத்த ஒன்பது உள்ளூர் எண்களிலிருந்தும் உருவானவை. உயிரொலிக் குறிகள் அரபியின் ஜபர், ஜேர் போன்று மேலும் கீழும் அமையும். அரபுத் தமிழ்க் கிதாபுகளை ஓதிய நம் பாட்டிமார் இதனைக் கண்டிருந்தால் அந்நியமாகக் கருதியிரார்.

2025 மே மாதத்தில் லட்சத்தீவுக் கல்வித்துறை, பள்ளிகளில் மூன்றாம் மொழியாக இருந்த அரபியையும் மஹலையும் விலக்கி இந்தியை வைக்க ஆணையிட்டது. வழக்குத் தொடரப்பட்டு, ஜூன் மாதத்தில் கேரள உயர்நீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மாலத்தீவில் திவேஹி அரசு மொழி. அதற்கு அங்கு அச்சமில்லை. மினிக்காய்ப் பிள்ளைக்கோ பாடநூலில் மஹல் இல்லையெனில், தானா எழுத்தைக் கற்றுத்தர வீடு மட்டுமே எஞ்சும். வீட்டை மட்டும் நம்பிய எழுத்தின் கதி என்னவென்பதை நம் பரண்களில் உறங்கும் அரபுத் தமிழ்ச் சுவடிகள் உரைக்கும். மொழிகளின் வேற்றுமையைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக இறைவன் திருமறையின் 30ஆம் அத்தியாயத்தில் எண்ணிக் காட்டுகிறான். பத்தாயிரம் பேர் பேசும் மொழியும் அவ்வெண்ணிக்கையில் அடங்கியதே.