இறக்கத்தில் ஒரு சிக்கனம்

கோடை விடுமுறைக்குச் சொந்தக் காரிலேயே ஊருக்குப் போய்வரும் வழக்கம் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருப்பது ஒரு காரணம். ஊரில் இறங்கிய பின் உறவினர் வீடு, கோயில், குளம் என்று சுற்றுவதற்கு வண்டி கைவசம் இருப்பது மற்றொரு காரணம். இங்கிருந்து திருநெல்வேலிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டியாயின் ஒரு வழிக்கு மட்டும் 100 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் போக வர 20,000 ரூபாய் ஆயிற்று. அதே வண்டியை 18 கிலோமீட்டர் ஓடும்படி பழக்கிவிட்டால் மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். ஆகவே, நம்மவர் கூடும் இடங்களிலெல்லாம் பெட்ரோலை மிச்சப்படுத்தும் வித்தையைப் பற்றிப் பேச்சு எழுவதில் வியப்பில்லை.

அப்பேச்சில் தவறாமல் தலைகாட்டும் யோசனை ஒன்று உண்டு. இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வண்டியைத் தானாக உருள விடவேண்டும் என்பதே அது. எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவர் இதில் நிபுணர்.

"மலைச் சரிவு ஆண்டவன் இனாமாகக் கொடுத்த பெட்ரோல், தம்பி. அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்பார்.

"வேண்டாம் என்று யார் சொன்னார்கள், அண்ணாச்சி? கியரில் இருந்தபடியே அதை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன்" என்பேன்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால், இவ்வாண்டு லைசென்ஸ் வாங்கிய தம் மகனுக்கும் இவ்வித்தையைக் கற்றுக்கொடுத்து, ஊர்ப் பயணத்தில் அவனிடமே வண்டியை ஒப்படைக்கப்போவதாக அவர் சொன்னதும், இனிச் சிரித்துப் பேசி விடுவதற்குரிய விஷயம் அன்று இது என்று எனக்குப் பட்டது.

அண்ணாச்சியின் நம்பிக்கை ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். அவர் வண்டி பழகிய காலம் கார்புரேட்டர் காலம். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய அந்நாளில், காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டாலும் கார்புரேட்டரின் சிறு துளை வழியே பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்றச் சுழற்ற அது இன்னும் உறிஞ்சும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் மெதுவாகச் சுழலும், செலவும் குறையும். மும்பையின் டாக்சிக்காரர்களுக்கு இது கைவந்த கலையாக இருந்தது. ஆனால் அந்தப் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபருடன் இந்நகரத் தெருக்களிலிருந்து விடைபெற்றுவிட்டன. வண்டி போய்விட்டது, அதனுடன் பிறந்த பழக்கம் மட்டும் போகவில்லை.

இன்றைய கார்களில் பெட்ரோலை அளந்து தெளிப்பது ஒரு சிறு கம்ப்யூட்டர். வண்டி கியரில் இருந்து, காலும் ஆக்ஸிலேட்டரை விட்டு, எஞ்சின் போதிய வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால், அது பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் அதற்குத் தீனி வேண்டியதில்லை. நியூட்ரலுக்குத் தள்ளிய மாத்திரத்தில் சக்கரங்களின் தொடர்பு அறுந்துபோகிறது. எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகக் கம்ப்யூட்டர் மீண்டும் பெட்ரோலை ஊட்டத் தொடங்குகிறது. சிறிய கார் ஒன்று நின்றபடி எஞ்சின் ஓடினால் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் செலவாகும். பத்து நிமிட இறக்கத்துக்கு 100 மில்லிலிட்டர், அதாவது பத்து ரூபாய் என்று கொள்ளலாம். கியரில் இறங்கினால் அந்தப் பத்து ரூபாயும் கையில் நிற்கும். மிக இலேசான சரிவில் நியூட்ரல் வண்டி சற்றுக் கூடுதலான தூரம் உருளும் என்பது மெய்தான். அங்கே மிஞ்சுவதும் சில துளிகளே.

பணக்கணக்கு இவ்வளவுதான். உயிர்க்கணக்கு வேறு. கியரில் இறங்கும் வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்திக்கொண்டே வருகிறது. நியூட்ரலில் அந்தப் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. ஓயாமல் மிதித்தால் பிரேக் கொதிக்கிறது. அதன் பிடிமானம் தளர்கிறது. குழாயில் உள்ள பிரேக் ஆயிலோ காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகையின் தர அளவின்படி, புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டிய ஆயில், ஈரம் ஏறியபின் 140 டிகிரி வரை தாங்கினாலே போதும். கொதித்து ஆவியாகிவிட்டால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். அப்போது இரண்டு மூன்று மிதிகளுக்குப் பின் பிரேக் கல்லாய் இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியை வெளியே உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

நம் பாதையிலேயே இதற்குச் சாட்சிகள் உள்ளன. போகும்போது தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய். வரும்போது புனே அருகே காத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவலே பாலத்துக்கு இறங்கும் சரிவு. 2022 நவம்பரில் நவலே பாலத்தருகே கட்டுமீறிய கனரக வண்டி ஒன்று இருபதுக்கு மேற்பட்ட வாகனங்களை மோதிச் சிதைத்தது. எரிபொருளை மிச்சம் பிடிக்க ஓட்டுநர் சரிவில் எஞ்சினை அணைத்திருந்தார் என்பதே முதற்கட்ட விசாரணையில் வெளிவந்த செய்தி. எந்த மலைக்கும் விதி ஒன்றுதான்: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். எஞ்சின் சற்று உறுமினால் பயப்பட வேண்டாம். அது பெட்ரோல் குடிக்கும் சத்தம் அன்று.

அப்படியானால் அந்த மூவாயிரம் எங்கிருந்து வரும் என்று அண்ணாச்சி கேட்பது நியாயமே. பெரும்பகுதி வேகத்தில் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 100 கிலோமீட்டரில் அது ஒன்றரை மடங்குக்கு மேல். நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு நாம் அதனால் பெறும் லாபமோ கால் மணி நேரம். அதையும் அடுத்த சுங்கச்சாவடி வரிசையில் தொலைத்துவிடுகிறோம்! பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே மிகச் சிக்கனமானது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வரும் லாரிக்காரர் நம்மை விடமாட்டார்; 80க்கு மேல் போகாமல் இருந்தாலே பெரிய காரியம்.

அடுத்தது கண். ஒரு டன் எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகம் எடுப்பதற்கு, எஞ்சினில் வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 17 மில்லிலிட்டர் பெட்ரோல் எரிகிறது. ஒவ்வொரு முறை திடீரென்று பிரேக்கை மிதிக்கும்போதும் அதைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். தாதரிலிருந்து செம்பூர் போவதற்குள் இப்படி எத்தனை முறை! தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தவுடனே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே மெல்ல நகர்ந்து வருபவர், பச்சை விழும்போது நிற்காமலே கடந்துவிடுவதும் உண்டு. நெடுநேரம் நிற்க நேர்ந்தால் மட்டும் எஞ்சினை அணையுங்கள். அங்கே அணைப்பதில் ஆபத்து இல்லை.

இன்னொன்று கூரை. திரும்பி வரும்போது அரிசி மூட்டை, கருப்பட்டி, முறுக்கு டின் எல்லாவற்றையும் மேலே கேரியரில் கட்டித் தார்ப்பாய் போர்த்துவது நம் குலவழக்கம். அந்த மூட்டை 1,500 கிலோமீட்டரும் காற்றோடு மல்லுக்கு நிற்கிறது. டிக்கியில் அடங்குவதை ஏற்றிக்கொண்டு, எஞ்சியதைப் பார்சலில் அனுப்புவதே லாபம். வெறும் கேரியரையும் கழற்றி வைத்துவிடலாம்.

டயர்க் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பல கார்களில் அதில் இரண்டு அளவுகள் இருக்கும்: ஒன்று இரண்டு மூன்று பேருக்கு, மற்றொன்று நிறைந்த வண்டிக்கு. குடும்பத்தோடு புறப்படுபவருக்கு உரியது இரண்டாவது அளவு. புறப்படும் நாள் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பே காற்றைப் பார்த்துவிட வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.