அம்மாவின் மருந்தும் மண்சட்டியும்

மேனாட்டார் திராட்சை மதுவைப் பேணும் நிலவறைக்கு 12, 13 பாகைக் குளிர்ச்சி தேடுவர். வாழைச்சேனையில் எமக்கோ அம்மாவின் இன்சுலினே கவலை. 2022 மார்ச் 31இல் மின்வெட்டு 13 மணித்தியாலமாக நீண்டபோது, குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாயிற்று.

திறந்த குப்பி கடுஞ்சூடு படாவிடில் ஏறக்குறைய 4 கிழமை தாங்கும். அதனை ஈரமணல் சூழ்ந்த மண்சட்டியினுள் வைத்தோம். நீர் ஆவியாகும்போது சட்டியின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும், மாணவர் அறிந்ததே. வறண்ட கச்சான் வீசும் மாதங்களில் இம்முறை மிக நன்று. மாரியில் காற்றே ஈரமாதலால் பயன் சொற்பம்.

திறவாத குப்பிகளுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும், சட்டி போதாது. மின்சாரம் வந்த வேளையில் உறைந்த பனிக்கட்டியுடன் அவற்றைத் தெர்மோஸில் இட்டோம், இடையே தடித்த துணி சுற்றி. உறைந்த இன்சுலின் எதற்கும் உதவாதல்லவா?