பன்னிரண்டாம் ஆள்

பால்மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்தில் பால் குறைந்துவிடும். பால்வெட்டுத் தொழிலாளியின் வருவாயும் உடன் குறையும். ஆயினும் தோட்டத்து மனிதன் அக்காலத்தை வீண்காலம் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. கத்தியைத் தீட்டுவதும், மங்குகளைத் துடைத்து வைப்பதும், புதுத் தளிருக்காகக் காத்திருப்பதும் அப்பருவத்திற்குரிய வேலைகள். காற்பந்து ரசிகனுக்கும் அத்தகைய இலையுதிர் பருவம் ஒன்றுண்டு. ஆட்டங்கள் முடிந்து, அரங்கம் வெறிச்சோடி, அடுத்த பருவத்திற்கான ஆட்டக்காரர்களைக் குழுக்கள் தேடித் திரியும் காலம் அது. பந்து உருளாத அந்நாள்களில்தான் பேச்சு மிகுதியாக உருளும்.

பத்தாங் காலி, உலு சிலாங்கூர் மாவட்டத்துச் சிற்றூர். செரண்டாவைக் கடந்து ராசா நோக்கிச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையின் மேல் அமைந்தது. ஒரு காலத்தில் அதனைச் சூழ்ந்து நின்ற பால்மரக் காடுகளுள் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டது. தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள் இன்று தாமான் வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுள் நால்வர் ஐவர் ஞாயிறு மாலைதோறும் சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் கூடுவர். 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அங்கே நிகழ்ந்த வாதம் ஒன்று, கேட்டோர் நெஞ்சில் நெடுநாள் தங்கிவிட்டது.

வாதத்தின் பொருள் சிலாங்கூர்க் குழு. 2024-25ஆம் பருவத்தில் அது இரண்டாம் இடத்தோடு நின்றது. முதலிடம் வழக்கம்போல் ஜொகூர் டாருல் தாக்சிமுக்கே சென்றது. 2014 முதல் அவ்விடத்தை அக்குழு எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற பெருமை சிலாங்கூருக்கு உண்டு. ஆனால், அந்த 33ஆம் வெற்றி 2015இல் கிட்டியது. அதன்பின் பத்தாண்டுகள் அக்கிண்ணமின்றிக் கழிந்தன. கடையில் அமர்ந்தோரின் ஏக்கமெல்லாம் அந்தப் பத்தாண்டுகளைப் பற்றியதே.

தொழிற்சாலையில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் முதலில் வாதத்தைத் தொடங்கினார். “வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இன்னும் நால்வர் வேண்டும். பணத்தை இறைக்காமல் கிண்ணம் வருமா? ஜொகூரைப் பாருங்கள், அவர்களுடைய மாற்று ஆட்டக்காரர்களே மற்றொரு குழுவாக ஆடத் தகுந்தவர்கள்” என்றார்.

அவர் எதிரே அமர்ந்திருந்தவர் அவருடைய தாத்தா, நாற்பதாண்டுகள் பால்வெட்டியவர், இளமையில் தோட்டத்துக் குழுவின் கோல்காவலர். அவருக்குச் சிலாங்கூர் என்றால் நினைவுக்கு வருவன எல்லாம் மெர்டேக்கா அரங்கமும் வானொலி வருணனையுமே. மியூனிக் ஒலிம்பிக்கில் 1972ஆம் ஆண்டு மலேசியாவுக்குத் தலைமையேற்ற எம். சந்திரன், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் பெற்று 1988இல் சாலை விபத்தில் மறைந்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம், மொக்தார் டஹாரி, சந்தோக் சிங் ஆகியோரின் பெயர்களை அவர் உறவினர் பெயர்களைப்போல் உச்சரிப்பார்.

“தம்பி, விலைக்கு வாங்கிய ஆள் விலை முடிந்ததும் போய்விடுவான். மொக்தார் 1972இல் வந்து எத்தனை ஆண்டுகள் இந்தச் சிவப்பு மஞ்சள் சட்டையைப் போட்டார் என்று எண்ணிப் பார். வெளிநாட்டார் ஒருவரும் இல்லாமல் நாம் வென்றதில்லையா?” என்று கேட்டார் பெரியவர்.

அக்கேள்வியில் பொருள் இருந்தது. 2009 முதல் 2011 வரை மலேசியக் குழுக்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்க்கக் கூடாதெனத் தடை இருந்தது. அத்தடைக்காலத்தில், கே. தேவன் பயிற்றுநராக இருந்தபோதே, சிலாங்கூர் 2009இலும் 2010இலும் சூப்பர் லீக்கை வென்றது. அதே 2010இன் இறுதியில், முன்னாளில் சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. களமிறங்க வாய்ப்புக் கிடைத்தமையால் உள்நாட்டு இளைஞர்கள் வளர்ந்தார்கள் என்பது பெரியவரின் துணிபு.

பேரன் விடவில்லை. “அப்படி வளர்ந்தவர்கள் எங்கே தாத்தா? சாஃபி சாலி இந்தோனேசியாவுக்குப் போனார். பிறகு ஜொகூருக்குப் போனார். குணாலனும் நம்மிடம் இருந்து ஜொகூருக்குத்தான் போனார். வளர்ப்பது ஒருவர், அறுவடை செய்வது வேறொருவர் என்றால் வளர்த்து என்ன பயன்? 2024 மே மாதம் பைசால் ஹலிம் அமிலத் தாக்குதலுக்கு ஆளானபோது என்ன செய்தோம்? ஒரே நாளில் முதன்மை ஆட்டக்காரரை இழந்தோம். அந்த இடத்தை நிரப்ப ஆள் வேண்டாமா? அதற்குத்தான் ஆழம் வேண்டும் என்கிறேன்.”

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தமையால் கடையில் சற்று அமைதி நிலவியது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அவ்வமைதியைக் கலைத்தார். மெல்பர்னில் வாழும் மகளின் வீட்டிற்குச் சென்று திரும்பியவர் அவர்.

“ஆஸ்திரேலியர்கள் நீள்வட்டப் பந்தை வைத்துக்கொண்டு ஒரு காற்பந்து ஆடுகிறார்கள். களத்தில் ஒரு பக்கத்திற்கு 18 பேர். செப்டம்பர் இறுதியில் இறுதியாட்டம் முடிந்துவிடும். அக்டோபரில் குழுக்கள் தமக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும். அப்போது அங்குள்ளவர்களும் நம்மைப்போல்தான். காப்பிக் கடையிலும் இரயிலிலும் இதே வழக்கு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, கடைசியில் வந்த குழுவுக்கே முதல் உரிமை. 1986 முதல் அந்த முறை இருக்கிறது. சம்பளத்திற்கும் உச்சவரம்பு உண்டு. மெலிந்தவன் முதலில் உண்ணட்டும் என்பது அவர்கள் ஏற்பாடு.”

“இங்கே கொழுத்தவனுக்குத்தான் முதல் பந்தி” என்று கடைக்காரர் கூறவே, அனைவரும் நகைத்தனர்.

பெரியவர் மட்டும் நகைக்கவில்லை. தேநீர்க் கோப்பையை ஒருபுறம் நகர்த்திவிட்டு அவர் பேசியது வேறொரு குழுவைப் பற்றியது.

“நம் தோட்டத்துக் குழு எப்படி அழிந்தது என்று உனக்குத் தெரியுமா? சிறந்த ஆட்டக்காரர்கள் போனதால் அழியவில்லை. நன்றாக ஆடுகிறவனைப் பக்கத்துத் தோட்டம் வேலை கொடுத்து அழைத்துக்கொள்ளும். அந்தக் காலத்திலும் அது உண்டு. ஆனால் கரையில் உட்கார்ந்திருந்தானே பன்னிரண்டாம் ஆள், அவன் அடுத்த ஆட்டத்தில் இறங்கினான். அவன் இடத்தில் அவன் தம்பி வந்து உட்கார்ந்தான். மாலையில் பெரட்டுக்களத்துப் பக்கம் பந்துச் சத்தம் கேட்டால் சிறுவர்கள் ஓடி வருவார்கள். லயத்தைக் காலி செய்து நான்கு திசைக்கும் குடும்பங்கள் பிரிந்தபோது பதினொருவரைக்கூட எப்படியோ திரட்டினோம். பன்னிரண்டாம் ஆள் வரவில்லை. இரண்டே ஆண்டில் குழு முடிந்தது.”

பின்னர்க் குரலைத் தாழ்த்தி, “போன மாதக் கிண்ணப் போட்டிக்கு நீ வெளியிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தாயே, யாருக்குப் பதிலாக?” என்றார்.

பேரனின் முகம் மாறியது. தாமான் இளைஞர் குழுவை நடத்துபவர் அவரே. கோலாலம்பூரிலிருந்து இருவரை, பயணச்செலவும் சிறுதொகையும் கொடுத்து அழைத்து வந்தது உண்மை. குழு அரையிறுதி வரை சென்றதும் உண்மை. ஆனால் நான்காம் படிவத்தில் பயிலும் சிறுவன் ஒருவன், நான்கு ஆட்டங்களிலும் சட்டை மடிப்புக் கலையாமல் கரையிலேயே அமர்ந்திருந்தான். கடந்த மூன்று வாரங்களாக அவன் பயிற்சிக்கு வரவில்லை. அவனை மாலை வேளைகளில் சாலைச் சந்திப்பில், வேலையுமின்றிப் படிப்புமின்றித் திரியும் சிலரோடு கண்டதாகக் கடைக்காரர் முன்னரே கூறியிருந்தார்.

“வெல்ல வேண்டும் என்றுதானே தாத்தா அழைத்து வந்தேன்?” என்றார் பேரன். அச்சொல்லில் வாதம் இல்லை, வருத்தமே இருந்தது.

“வெல்லத்தான் வேண்டும். தோற்கச் சொல்லி யார் ஆடுவார்? நானும் பிடிக்கத் தெரியாதவனைக் கோல் முன்னே நிறுத்தமாட்டேன். ஆனால் ஆழம் ஆழம் என்கிறாயே, அது விலைக்கு வாங்கும் பொருளன்று. கரையில் இருப்பவன், நாளை நம் முறை வரும் என்று நம்புகிறானே, அந்த நம்பிக்கைக்குத்தான் ஆழம் என்று பெயர்.”

ஆசிரியர் தலையசைத்தார். வகுப்பின் கடைசி வரிசையில் தன் பெயர் அழைக்கப்படக் காத்திருந்து, அழைக்கப்படாமலேயே பள்ளியை விட்டு நீங்கிய மாணவர் சிலரின் முகங்கள் அப்போது அவர் மனத்தில் தோன்றியிருக்கக்கூடும். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மழை தூறத் தொடங்கியது. சிலாங்கூர் எத்தனை வெளிநாட்டாரைச் சேர்க்க வேண்டும் என்னும் வழக்கு அன்று தீர்க்கப்படவில்லை. அடுத்த ஞாயிறும் அது தொடரும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மாநிலக் குழுவின் பெட்டியில் எவ்வளவு பணம் இருக்கிறது, யாரை விற்பார்கள், யாரை வாங்குவார்கள் என்பனவெல்லாம் பத்தாங் காலி ஒட்டுக்கடையின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டவை. ஒரு சிறுவனின் பெயரைப் பட்டியலில் எழுதுவது மட்டுமே அங்கிருந்தோர் அதிகாரத்திற்கு உட்பட்டது.

பேரன் எழுந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். வீட்டிற்குச் செல்லும் பாதை இடப்புறம். அவர் வலப்புறம் திரும்பினார். அச்சிறுவனின் வீடு அத்தெருவின் கோடியில் இருந்தது. அவன் கதவைத் திறந்தானா, மறுபடியும் திடலுக்கு வர இசைந்தானா என்பது அன்று கடையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை மாலை, எழுபதைக் கடந்த கோல்காவலர் ஒருவர் குடையை ஊன்றியபடி திடலின் ஓரத்தில் வந்து நின்று, பயிற்சிக்கு வந்தவர்களை ஒருவர் ஒருவராக எண்ணத் தொடங்கினார். பதினொன்றோடு அவர் நிறுத்தவில்லை.